நெய்வேலி மண்ணில் ஒரு கீறல்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைத் தொட வேண்டுமானால் முதலில் அதன் மேலுள்ள மண்ணை அகற்ற வேண்டும். அந்த மேல்மண்ணோடு வெள்ளைக் களிமண்ணும் வருகிறது. அதைக் கழுவிச் சுத்தம் செய்ய நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் ஒரு காலத்தில் தனி ஆலையே நடத்தியது. பக்கத்து ஊரான விருத்தாசலத்தின் செராமிக் தொழிற்பேட்டையில் அகல் விளக்குகளும் பொம்மைகளும் மின் பியூஸ் கட்டைகளும் அச்சில் வார்த்துச் சுடப்படுகின்றன.

மண் உண்டு, சூளை உண்டு, தொழில் கற்பிக்க அரசுப் பயிலகமும் உண்டு. கலத்தின் மேல் கைவேலைதான் குறைவு.

11, 12-ஆம் நூற்றாண்டுகளில் பைசாந்தியப் பேரரசின் கொரிந்து நகரக் குயவர்களிடம் இருந்ததும் செம்மண்ணும் கொஞ்சம் வெள்ளை மண்ணும்தான். செம்மண்ணில் வனைந்த கிண்ணத்தின் மேல் வெள்ளைக் களிமண் குழம்பைப் பூசினார்கள். அது உலர்ந்து இறுகியதும் கூர்முனையால் கீறினார்கள். கீறிய இடமெல்லாம் அடியிலிருந்த செம்மண் எட்டிப் பார்த்தது. மேலே ஈய மெருகு ஏற்றிச் சுட்டபோது பறவையும் முயலும் போர்வீரனும் கருஞ்சிவப்புக் கோடுகளில் துலங்கினர். பிறகு பின்னணியையே சுரண்டி எடுத்து, உருவத்தை மட்டும் வெள்ளையாக நிறுத்தும் முறை வந்தது. செம்பு பச்சையைத் தந்தது, இரும்பு பழுப்பைத் தந்தது. மலிவான மண், விலைமதிப்புள்ள கலமாயிற்று.

இத்தகைய கைத்திறன் நமக்கு அந்நியமல்ல. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, உட்புறத்தில் நுண்புள்ளிகள் வளையமாகப் பதிந்த ரௌலட்டட் தட்டுகள் கிடைத்தன. மத்தியதரைக் கடல் நாட்டுச் சரக்கு என்று அவர் கருதியவை இந்திய மண்ணில் செய்தவை எனப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. 2024-இல் பண்ருட்டி அருகே மருங்கூர் அகழாய்விலும் இவ்வகை ஓடுகள் வெளிப்பட்டன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சுழலும் கலத்தில் கோலமிடப் பழகியிருந்தன நம் நாட்டுக் கைகள்.

அச்சுப் பொம்மையை யாரும் எளிதில் இன்னும் மலிவாக விற்றுவிடலாம். கையால் கீறிய கிண்ணத்தோடு அப்படிப் போட்டியிட முடியாது. ஈயம் நஞ்சு என்பதால் ஈயமில்லா மெருகே வேண்டும். அது இன்று கிடைக்கிறது. விருத்தாசலம் பயிலகம் பூச்சையும் கீறலையும் பாடமாக்க வேண்டும். வட்டாரத்துக் குயவர்களை ஆசிரியர்களாக அழைக்க வேண்டும். சுரங்கத்து வெள்ளை மண்ணில் ஒரு பங்கை நெய்வேலி நிறுவனம் அவர்களுக்கு ஒதுக்கித் தர வேண்டும்.