எத்தனை லிட்டர் சார் வேணும்?

நெய்வேலியில் இருந்துகொண்டு பாய்லரைப் பற்றி யாரிடமும் யோசனை கேட்கக் கூடாது. சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையம் 1962-லேயே ஓடத் தொடங்கிய ஊர். தெருவுக்கு நாலு பேர் பாய்லர் பக்கம் ஷிப்ட் பார்த்து ரிட்டயர் ஆனவர்கள். மார்கழிக் குளிருக்கு முன்னால் ஒரு விறகு பாய்லர் வாங்கலாம் என்று வாயைத் திறந்தேன். "அம்பதுக்குக் கீழ போகாதீங்க சார்" என்றார் ஒருவர். "எண்பதாவே போட்டுடுங்க, பின்னாடி வருத்தப்படக் கூடாது" என்றார் இன்னொருவர். எதற்கு எண்பது? பதில் இல்லை. டர்பைனுக்கு எவ்வளவு நீராவி வேண்டும் என்று பார்த்துத்தான் அங்கே பாய்லரின் அளவை முடிவு செய்வார்கள் என்பது எனக்குச் சொல்லித்தர வேண்டியவர்களுக்கே தெரியும். ஷிப்ட் முடிந்து வீடு வந்ததும் அந்தக் கணக்கு எங்கே போகிறதோ!

கடைக்காரர் அவர்களுக்கும் மேல். "வீட்ல எத்தனை பேர் சார்? நாலா? ஆளுக்கு இருபது, அப்ப எண்பது." செம்பை எடை போட்டு விற்கிறவர் வேறென்ன சொல்வார்?

ஆளுக்கு இருபது லிட்டர், சரி. அதைக் கொதிக்கக் கொதிக்கவா தலையில் ஊற்றிக்கொள்கிறோம்? தொட்டித் தண்ணீர் 25 டிகிரி, குளிக்க வேண்டியது 40 டிகிரி. பாய்லரில் 65 டிகிரிக்குக் காய்ந்த தண்ணீர் 30 லிட்டர் இருந்தால், பச்சைத் தண்ணீர் 50 லிட்டர் விளாவி நாலு பேரும் குளித்துவிடலாம். அதற்குத் தேவையான வெப்பம் 1,200 கிலோ கலோரி. காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறக்குறைய 3,500 இருக்கிறது. பாதி புகைக்குழாய் வழியே போய்த் தொலைந்தாலும் ஒரு கிலோ போதும். எண்பது லிட்டரையும் அதே சூட்டுக்குக் கொண்டுவரப் பார்த்தால் விறகும் நேரமும் இரண்டரை மடங்குக்கு மேல். எல்லாரும் குளித்து முடித்த பிறகு ஐம்பது லிட்டர் வெந்நீர் யாருக்கும் பயனில்லாமல் ஆறிக்கொண்டிருக்கும்.

"பெருசா வாங்கி அரை பாய்லர் ஊத்திக்கலாமே" என்று ஒரு யோசனை வந்தது. நடுவில் நெருப்புக்குழாய் போகிறது. அதைச் சுற்றித் தண்ணீர் நின்றால்தான் செம்பு பிழைக்கும். தண்ணீர் இறங்கிப்போன இடத்தில் தீ அடித்தால் பற்று உருகி ஒழுகத் தொடங்கும். பிறகு பற்றவைக்க ஆளைத் தேடி அலைய வேண்டும்.

இத்தனை பேர் லிட்டர் பேசினார்களே, பாய்லரை எங்கே வைக்கப்போகிறாய் என்று ஒருத்தர் கேட்கவில்லை! அந்தக் காலத்து வீட்டில் கொல்லைப்புறம் இருந்தது, அங்கேயே புகைந்து கிடந்தது. இப்போது கட்டுகிற வீட்டில் கொல்லை ஏது? குளியலறை மூலையில்தான் வைக்கிறார்கள். புகை கண்ணைக் கரித்தால் கதவையாவது திறப்போம். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. மூடிய அறையில் ஆளையே கொல்லும். வெளியே போகும் குழாய் இல்லாமல் எத்தனை லிட்டர் வாங்கி என்ன?

விறகிலும் இதே அலட்சியம். பண்ருட்டிப் பக்கம் முந்திரி விறகு நிறையக் கிடைக்கும். ஆனால் ஈரமாக வாங்கிப் போட்டால் முதல் தீயெல்லாம் அதன் தண்ணீரை விரட்டவே சரியாகப்போகும். இந்த ஊர்ப் பழுப்பு நிலக்கரியிலும் பாதிக்குப் பாதி ஈரம்தான். அதனால்தான் ஒரு காலத்தில் அதைக் கட்டியாக்கி, கரியாக்கி, 'லெகோ' என்று வீடுகளுக்கு விற்றார்கள். புகையில்லாமல் எரியும். ஆனால் புகையில்லை என்பதால் கார்பன் மோனாக்ஸைடும் இல்லை என்று ஆகிவிடாது; அதற்கும் வெளியே போகும் குழாய் வேண்டியதுதான்.

கடைசியில் என் மனைவி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். "ஏங்க, தீபாவளிக்குப் பிள்ளைங்க எல்லாம் வந்தா முப்பது எப்படிங்க பத்தும்?" வருஷத்தில் ஒரு நாள் எண்ணெய்க் குளியலுக்காக மிச்சம் அத்தனை நாளும் எண்பது லிட்டரைக் காய்ச்சுவதா? அன்றைக்கு இரண்டு தடவை தீ மூட்டினால் போகிறது.

வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: காலையில் அடுத்தடுத்து எத்தனை வாளி வேண்டும் என்று வீட்டிலேயே கணக்குப் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். சின்ன பாய்லரில் மிச்சமாகும் காசைப் புகைக்குழாய்க்குச் செலவழியுங்கள்.