கிரீச் சத்தமும் கணக்குக் காட்டாத பில்லும்

கார் அடியில இருந்து 'கிரீச் கிரீச்'னு சத்தம் வந்தா நம்ம ஊர்ல ஒரே நிமிஷத்துல தீர்ப்பு வந்துடும். "ஷாக் போயிடுச்சு தம்பி, ரெண்டையும் மாத்திடலாம்." குனிஞ்சு கூட பாக்க மாட்டாங்க. பி.காம். படிக்கிறவனுக்கு எதுக்குடா இந்த வேலைன்னு நீங்க கேக்கலாம். எனக்கு இதுல வண்டியை விட செலவுக் கணக்குதான் உறுத்துது.

என் கட்சி இதுதான் மக்களே: சத்தம் எங்க இருந்து வருதுன்னு காட்டாம, பாகத்தை மாத்தச் சொல்றவருக்கு காசு கொடுக்கக் கூடாது.

சித்தப்பாவோட பழைய காருக்கு இப்படித்தான் ஒரு கடையில ரெண்டு ஷாக்கும் மாத்தினாங்க. அந்த வாரம் நல்ல மழை. சத்தமே இல்லை, சித்தப்பாவுக்கு ஒரே சந்தோஷம். வெயில் அடிச்ச நாலாவது நாள், செங்கல்பட்டு ரோடு வேகத்தடையில அதே கிரீச். யோசிச்சுப் பாருங்க, மழையில நிக்குது, வெயில்ல வருது. அப்படின்னா உரசறது காய்ஞ்ச ரப்பர். கடைசியில லோயர் ஆர்ம் புஷ். ஷாக்குக்குக் கொடுத்த காசுக்கு முன்னாடி அதோட விலை ஒண்ணுமே இல்லை.

இதைக் கண்டுபிடிக்க பெரிய மெஷின் வேண்டாம். இன்ஜினை அணைச்சு, ஒவ்வொரு மூலையா பானெட்டையும் டிக்கியையும் அழுத்தி விடணும். இன்னொருத்தர் கீழ காது கொடுக்கணும் (வண்டியை ஜாக்கியில மட்டும் தூக்கி வச்சுட்டு அடியில போகாதீங்க, சாமி!). சந்தேகப்படற புஷ் மேல ஒரு பாட்டில் தண்ணி ஊத்தி மறுபடி அழுத்தணும். சத்தம் நின்னா அதுதான் ஆசாமி. ஒரு நேரத்துல ஒரு புஷ்தான் நனைக்கணும், எல்லாத்தையும் நனைச்சா எது நின்னுதுன்னு தெரியாது. தண்ணிக்கு பதிலா டீசலும் பழைய இன்ஜின் ஆயிலும் அடிச்சு விடற பழக்கம் இருக்கே, அது ரப்பரை ஊத வச்சுக் கெடுத்துடும். இன்னைக்கு சத்தம் போகும், அப்புறம் புஷ்ஷே போகும்.

வண்டி நிக்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினா சத்தம் வருதா? ஸ்ட்ரட்டோட மேல் மவுண்ட், பேரிங் பக்கம் பாக்கணும். சின்னச் சின்ன குழியில 'டொக் டொக்'னா லிங்க் ராடு. ஷாக்கும் சத்தம் போடும், இல்லைன்னு சொல்லல. ஆனா அதுக்கு ஆயில் கசிவு, அழுத்தி விட்டா வண்டி நிக்காம ஆடறதுன்னு தனி அடையாளம் இருக்கு. பால் ஜாயின்ட்டா இருந்தா மட்டும் தள்ளிப் போடாதீங்க. அது கழண்டா சக்கரம் மடங்கிடும். குவாரி டிப்பர் ஓடற நம்ம ரோட்டுல அது விளையாட்டு இல்லை.

ஜார்ஜ் அகர்லாஃப்னு ஒரு பொருளாதார நிபுணர் 1970-ல பழைய கார் சந்தையை வச்சு ஒரு கட்டுரை எழுதினார். விக்கிறவனுக்குத் தெரிஞ்சது வாங்கறவனுக்குத் தெரியலைன்னா சந்தையே கெட்டுப் போகும்னு சொன்னதுக்கு 2001-ல இன்னும் ரெண்டு பேரோட சேர்த்து நோபல் பரிசு. மெக்கானிக் கடைக்கும் அதே கதைதான். ஆனா அவங்களை மட்டும் திட்டறது நியாயம் இல்லை. அரை மணி நேரம் படுத்து, தண்ணி ஊத்தி, காரணம் சொல்றவருக்கு நாம என்ன கொடுக்கறோம்? ஒரு டீ. பாகம் வித்தாத்தான் அவருக்கு லாபம்னா அவர் பாகம்தான் விப்பார். பாத்துச் சொல்றதுக்குன்னு தனியா கூலி பேசுங்க. அந்தக் கூலி ஒரு ஜோடி ஷாக்கை விட எப்பவும் சல்லிசு.

பில்லும் கேளுங்க. கொடுக்காம விடறது 2019 நுகர்வோர் சட்டப்படியே முறையற்ற வணிகம். நம்ம உத்திரமேரூர் கல்வெட்டுல, பராந்தக சோழன் காலத்துலயே, கணக்குக் காட்டாதவன் பேரைக் குடவோலையில போடக் கூடாதுன்னு வெட்டி வச்சிருக்காங்க. ஆயிரத்து நூறு வருஷம் ஆச்சு, மாத்தின பாகத்துக்கு இன்னும் துண்டுச் சீட்டுதான் :-)

புஷ் மாத்தறவங்களுக்கு இன்னொண்ணு. நிறைய வண்டியில ரப்பர் உள்குழாயோட ஒட்டியே இருக்கும். சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுசா இறுக்கிட்டா, வண்டி இறங்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே கிடக்கும், சீக்கிரம் கிழியும். டயர் தரையில நின்னு எடை ஏறின பிறகுதான் கடைசி இறுக்கு. இதை மட்டும் கடையில நின்னு பாத்துட்டு வாங்க.