கான்ஃபரன்ஸுக்குப் போனியா, சாப்பிடப் போனியா?

கொல்கத்தா போய்விட்டு வந்ததிலிருந்து எல்லோரும் என்னிடம் கேட்கும் ஒரே கேள்வி இதுதான். காரணம் நான் காட்டிய போட்டோக்கள். நாற்பதில் ஒன்றே ஒன்றில்தான் என் போஸ்டர் முன்னால் நிற்கிறேன். மீதியெல்லாம் மீன், ரோல், பிரியாணி, இனிப்பு. சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மாநாடு என்றால் வேலை, சாப்பாடு என்றால் ஊர் சுற்றல், இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்கிற நம்பிக்கை.

சம்பந்தம் உண்டு என்பது என் கட்சி. வெளியூர் மாநாட்டுக்குப் போகிறவன் அந்த ஊரில் சாப்பிட வேண்டும், அதற்கு மாநாடு நடத்துகிறவர்கள் இடம் கொடுக்க வேண்டும். வரும் பிப்ரவரியில் நம்ம டிபார்ட்மென்ட்டே மதுரையில் மாநாடு நடத்தப் போகிறது. சாப்பாட்டு கமிட்டி இன்னும் கூடவில்லை. அதற்குள் இதை எழுதிவிடுவது நல்லது என்று பட்டது.

முதலில் மாநாட்டுச் சாப்பாடு. போனவர்களுக்குத் தெரியும். பனீர் பட்டர் மசாலா, தால், நான், ஜீரா ரைஸ், சிக்கன் என்ற பெயரில் ஒரு சிவப்புக் குழம்பு, கடைசியில் குலாப் ஜாமூன். சென்னையில் இதுதான், புனேயில் இதுதான், கொல்கத்தாவிலும் இதேதான். கண்ணைக் கட்டி உட்கார வைத்தால் எந்த ஊரில் இருக்கிறோம் என்று நாக்கால் சொல்ல முடியாது. இதற்கு மாணவர் கட்டணம் 4,500 ரூபாய். அதில் மூன்று மதிய சாப்பாடும் ஒரு 'காலா டின்னரும்' அடக்கம். வேண்டாம் என்று சொல்ல விண்ணப்பத்தில் கட்டமே இல்லை. ஃபெலோஷிப் பணம் தாமதமாக வரும் மாணவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இதைவிட எனக்கு உறுத்தியது வேறொன்று. நாங்கள் போன மாநாடு நீர்நிலைகள் பற்றியது. நடந்த இடம் சால்ட் லேக் பக்கம் ஒரு நட்சத்திர ஹோட்டல். அந்த சால்ட் லேக்கே 1960-களில் சதுப்பு நிலத்தில் ஆற்று வண்டலைக் கொட்டி மேடாக்கிக் கட்டிய நகரம். அதை ஒட்டி இன்னும் மிச்சமிருப்பதுதான் கிழக்கு கொல்கத்தா சதுப்பு நிலம். சுமார் 12,500 ஹெக்டேர். 2002-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஊரின் கழிவுநீர் வாய்க்கால் வழியாக இங்கே வந்து, 'பேரி' என்று அவர்கள் சொல்லும் ஆழமில்லாத குளங்களில் தேங்குகிறது. வெயில் படப் படப் பாசி வளர்கிறது, தண்ணீர் தெளிகிறது. அந்தப் பாசியை மீன் தின்கிறது, மீனை ஊர் தின்கிறது. அரசுப் பொறியாளராக இருந்த துருவஜோதி கோஷ் என்பவர் 'இந்த ஊர்க் கழிவுநீர் எங்கேதான் போகிறது' என்று தேடிப் போய், மீனவர்களிடம் கற்றுக்கொண்டு உலகத்துக்குச் சொன்ன விஷயம் இது. 2018-ல் காலமானார். மண்ணைக் கொட்டி மேடாக்கும் ஆட்களிடமிருந்து அந்தக் குளங்களைக் காப்பாற்றும் போராட்டம் இன்னும் முடியவில்லை.

இரண்டாம் நாள் காலை இதைப் பற்றி மூன்று பேர் ஸ்லைடு போட்டுப் பேசினார்கள். அருமையாகப் பேசினார்கள். பிறகு மணி அடித்தது, எல்லோரும் எழுந்து போய்ப் பனீர் சாப்பிட்டோம். கூப்பிடு தூரத்தில் குளம், அதில் மீன், அதைப் பற்றித்தான் காலை முழுக்கப் பேச்சு. தட்டில் மட்டும் அது இல்லை!

கடைசி நாள் மாநாடு மதியத்தோடு முடிந்தது. நானும் என் ரூம்மேட்டும் சால்ட் லேக் செக்டர் ஐந்தில் மெட்ரோ ஏறி சியால்டாவில் இறங்கி, காலேஜ் ஸ்ட்ரீட்டுக்கு நடந்தோம். பழைய புத்தகக் கடைகளைத் தாண்டி, பிரசிடென்சி யுனிவர்சிட்டியை ஒட்டிய பவானி தத்தா சந்தில் ஸ்வாதீன் பாரத் இந்து ஹோட்டல் என்று ஒரு கடை. சுதந்திரத்துக்கு முன்னால் வெறும் இந்து ஹோட்டலாக இருந்ததாம். சுபாஷ் சந்திர போஸ் இங்கே வந்து சாப்பிட்டார் என்பது கடையின் பெருமை. இந்த மாதிரிக் கடைகளுக்கு அங்கே 'பைஸ் ஹோட்டல்' என்று பெயர். ஒரு காலத்தில் பைசாக் கணக்கில் வயிறு நிறைந்த இடங்கள். மாணவர்களையும் குமாஸ்தாக்களையும் நம்பி நடந்தவை. எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கணக்கு. சோறு தனி, பருப்பு தனி, மீன் தனி. சில பைஸ் ஹோட்டல்களில் வாழை இலைக்கும் எலுமிச்சைத் துண்டுக்கும் கூடத் தனிக் காசு. நம்ம ஊரில் இலைக்குக் காசு கேட்டால் சண்டை வந்துவிடும் :-) ஆனால் யோசித்தால் அதுதான் நியாயம். தின்றதற்கு மட்டும் காசு. மாநாட்டுக் கட்டணத்தில் இல்லாத நியாயம்.

பரிமாறியவரிடம் அரைகுறை இந்தியில் கேட்டேன்: "தாதா, இந்த மீன் எங்கேயிருந்து வருது?" அவர் யோசிக்கவே இல்லை. ரூய் மீன் ஆந்திரா, தேலாபியா பேரி மீன் என்றார். தேலாபியா வேறொன்றும் இல்லை, நம்ம ஜிலேபிக் கெண்டைதான். கொல்கத்தா தின்னும் ரூயில் பெரும்பங்கு ஆந்திராவிலிருந்து ஐஸில் போவது என்பதை எந்த ஸ்லைடும் எனக்குச் சொல்லவில்லை. பக்கத்தில் அத்தனை குளங்கள் இருந்தும் ஏன் ஆந்திரா? குளத்துக்காரருக்கு என்ன விலை கட்டுப்படியாகிறது? விலை கட்டாவிட்டால் குளத்தை யாருக்கு விற்பார்? சோற்றைப் பிசைந்தபடி நாங்கள் பேசியது இதைத்தான். என் ஆய்வறிக்கையில் ஒரு அத்தியாயமே இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. இரண்டு பேருக்கும் சேர்த்து பில் முந்நூறு ரூபாய்க்குள்.

இப்போது சொல்லுங்கள், நான் மாநாட்டுக்குப் போனேனா, சாப்பிடப் போனேனா?

மீன் மட்டும் இல்லை. அந்த ஊரில் எதைத் தொட்டாலும் வரலாறு ஒட்டிக்கொண்டு வருகிறது. பிரியாணியில் ஒரு முழு உருளைக்கிழங்கு கிடக்கும். 1856-ல் பிரிட்டிஷ்காரர்கள் அவத் நாட்டைப் பறித்ததும் நவாப் வாஜித் அலி ஷா கல்கத்தாவுக்கு வந்து மட்டியாபுருஜில் தங்கினார். கூடவே சமையல்காரர்களும் வந்தார்கள். கறி வாங்கக் காசில்லாமல் உருளைக்கிழங்கு போட்டார்கள் என்று ஊர் சொல்லும். இல்லை, அப்போது உருளைக்கிழங்கே புதுசு, பெருமைக்காகப் போட்டது என்று நவாபின் வாரிசுகள் சொல்கிறார்கள். ஒரு கிழங்குக்கு இரண்டு வரலாறு! தோற்றவனின் சாப்பாட்டைப் பற்றி யார் எப்படிக் கதை சொல்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

குளிர்காலத்தில் போனதால் நொலென் குர் கிடைத்தது. ஈச்ச மரத்தில் பதநீர் இறக்கிக் காய்ச்சும் வெல்லம். அதைப் போட்ட சந்தேஷ் வாயில் வைத்ததும் கருப்பட்டி வாசம். உடன்குடிக்காரர்கள் யாராவது இருந்தால் பங்காளி என்று கட்டிப்பிடித்துக்கொள்வார்கள்.

சரி, எதிர்க்கட்சி வாதங்களுக்கு வருவோம்.

ஒன்று, நேரம் இல்லை. பஃபே வரிசையில் தட்டோடு நின்றே முக்கால் மணி நேரம் போகிறது. செக்டர் ஐந்தில் ஐடி கம்பெனிக்காரர்கள் தினமும் மதியம் நடைபாதைக் கடைகளில்தான் சாப்பிடுகிறார்கள். சோறு, பருப்பு, ஒரு பொரியல், மீன் குழம்பு. கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

இரண்டு, வயிறு கெடும். நியாயமான பயம். கண் முன்னால் கொதிப்பதைச் சாப்பிடு, உள்ளூர்க் கூட்டம் நிற்கிற கடையில் சாப்பிடு, தண்ணீர் மட்டும் பாட்டிலில் குடி. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நான்கு நாள் தெருவில் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை.

மூன்று, சைவக்காரர்கள் என்ன செய்வார்கள்? வங்காளம் என்றால் மீன் மட்டும்தான் என்பது பாதி உண்மை. லூச்சி, ஆலுர் தம், தேங்காய் போட்ட கடலைப் பருப்பு, கசகசாவில் செய்யும் போஸ்தோ, பாகற்காய் போட்ட சுக்தோ என்று நீளமான பட்டியல் இருக்கிறது. வெங்காயம், பூண்டு கூட இல்லாத அவர்கள் சைவச் சமையலை இந்த அளவுக்கு வளர்த்ததில் பெரும்பங்கு இந்து விதவைகளுடையது. மீனும் கறியும் வெங்காயமும் பூண்டும் கூடாது என்று சமூகம் தடுத்த பெண்கள், மிச்சம் கிடைத்த காய்த்தோலிலும் பருப்பிலும் ஒரு சமையலையே உண்டாக்கினார்கள். ருசித்துச் சாப்பிட்டேன், அதே நேரம் மனசுக்குக் கஷ்டமாகவும் இருந்தது.

நான்கு, சாப்பாட்டு நேரத்தில்தான் நாலு பேரோடு பழக முடியும். யார் யாரோடு பழகுகிறார்கள்? பேராசிரியர்கள் ஒரு வட்டம், மாணவர்கள் சுவரோரம். முதல் நாள் மாலை ஹோட்டல் வாசலில் மண் கப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு மூத்த பேராசிரியர் பக்கத்தில் வந்து நின்று, போஸ்டரில் என்ன எழுதியிருக்கிறாய் என்று விசாரித்தார். உள்ளே அவரை நெருங்கவே முடியவில்லை. டீக்கடையில் எல்லோரும் தாதாதான்.

இதில் காசுக் கணக்கும் ஒன்று இருக்கிறது. 300 பேர், மூன்று நாள், மதியத்துக்கு 150 ரூபாய் என்று வெளியே சாப்பிட்டால் 1,35,000 ரூபாய். ஒரு நட்சத்திர ஹோட்டலுக்கு அது ஒரு கல்யாணத்துக்குக் காணாது. நடைபாதைக் கடைகளுக்கு அது பெரிய பணம். அந்தக் கடைக்காரர்களின் நிலைமை லேசானது இல்லை. 1996-ல் 'ஆபரேஷன் சன்ஷைன்' என்று பெயர் வைத்து ஒரே அடியாக அவர்களைத் துடைத்தெடுத்தது கொல்கத்தா. தெரு வியாபாரிகளைக் காக்க 2014-ல் நாடாளுமன்றத்தில் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 2024 ஜூனில் மறுபடி புல்டோசர் வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும், கணக்கெடுப்பு நடத்த ஒரு மாதம் அவகாசம் என்று நிறுத்தினார்கள். 'நிலையான வளர்ச்சி' என்று மேடையில் பேனர் கட்டுகிற நாம், வாசலில் இருக்கிற கடையில் ஒரு வேளை சாப்பிட்டால் பேனருக்கும் கொஞ்சம் மரியாதை.

ஆகவே நம்ம கமிட்டிக்கு என் கோரிக்கைகள். மதிய சாப்பாட்டை விருப்பத் தேர்வாக வையுங்கள். வேண்டாம் என்கிற மாணவருக்குக் கட்டணத்தில் கழித்துக்கொடுங்கள். மூன்று நாளில் ஒரு மதியமாவது இரண்டு மணி நேரம் இடைவேளை விடுங்கள். காலா டின்னர் வேண்டவே வேண்டாம். அதற்குப் பதில் நாமே நடந்து பார்த்துத் தயாரித்த ஒரு பக்க சாப்பாட்டு மேப்பைக் கையில் கொடுப்போம். வருகிறவர்களை ஐந்தைந்து பேராகக் கூட்டிக்கொண்டு போகிற வேலையை நாம் எடுத்துக்கொள்வோம். பேராசிரியர், மாணவர் கலந்து.

வருகிறவர்கள் கறி தோசையும் பருத்திப்பாலும் ஜிகர்தண்டாவும் சாப்பிடட்டும். முக்கியமாக ஒரு வேளை அயிரை மீன் குழம்பு. நம்ம மாநாட்டுத் தலைப்பே கண்மாய்கள்தான். அயிரை ஏன் இந்த விலை என்று யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். கேட்டால், கண்மாய் வற்றிய கதையைச் சொல்லலாம். 2004-ல் திறந்த ஐகோர்ட் கிளை நிற்கிற இடம் உலகனேரி கண்மாய் என்பதையும் சொல்லலாம். பிறகு அரங்கத்துக்குப் போய் ஸ்லைடு போடுவோம், கேட்கிறவர்களுக்கு நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்திருக்கும்.

கமிட்டி கூட்டம் அடுத்த வெள்ளிக்கிழமை. பனீர் கட்சிக்காரர்களும் வரலாம், அங்கேயே பேசித் தீர்த்துக்கொள்வோம்.