திட்டுவதை நிறுத்துங்கள், சார்ஜரை இடம் மாற்றுங்கள்

 

என்னிடம் படித்த பலருக்கு இப்போது கல்லூரி வயதில் பிள்ளைகள். பார்க்கிற இடமெல்லாம் ஒரே புலம்பல்: "சார், ராத்திரி இரண்டு மணி வரைக்கும் ரீல்ஸ் பார்க்கிறான். கவர்ன்மென்ட் இதைத் தடை பண்ணக் கூடாதா?"

தடை பண்ணிப் பார்த்தாயிற்றே! 2019 ஏப்ரல் 3இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை டிக்டாக் பதிவிறக்கத்தைத் தடை செய்யச் சொன்னது. அதே மாதம் 24இல் தடை நீங்கியது. 2020 ஜூன் 29இல் நாட்டுப் பாதுகாப்பைக் காரணம் சொல்லி மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. ஜூலையிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். கடை மாறியது, சரக்கு மாறவில்லை.

"மன உறுதி இல்லை" என்று பிள்ளையை ஏசுவதும் நியாயமில்லை. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் அந்த அமைப்பை 2006இல் உருவாக்கிய ஏசா ராஸ்கினே பிற்பாடு அதற்காக வருந்தினார். புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. சினிமாவுக்கு 'சுபம்' உண்டு. நம் காரைக்குடி கம்பன் விழாவுக்கும் நிறைவு நாள் உண்டு. இதற்கு மட்டும் முடிவே கிடையாது.

இருபது வயதுப் பிள்ளையிடம் போனைப் பிடுங்கினால் ஒளிக்கத்தான் கற்றுக்கொள்வான். உட்கார்ந்து பேசி, இவற்றைச் செய்யுங்கள்:

1. இரவு பத்து மணிக்கு மேல் வீட்டிலுள்ள எல்லாப் போனும் பட்டாலையில், அல்லது ஹாலில். எழுப்ப அலாரம் கடிகாரம் போதும்.

2. அழைப்பு, வங்கி தவிர மற்ற நோட்டிபிகேஷன்களை அணைத்துவிடுங்கள்.

3. கணக்கை அழிக்க வேண்டாம், நண்பர்கள் வேண்டும். செயலியை மட்டும் போனிலிருந்து எடுத்துவிட்டுக் கணினியில் பார்க்கட்டும்.

4. மிச்சமாகும் நேரத்துக்கு ஷட்டிலோ நூலகமோ ஏதாவது வேண்டும். சும்மா இருந்தால் கை பழைய இடத்துக்கே போகும்.

"எல்லாப் போனும்" என்றால் அப்பா, அம்மா, அப்பத்தா போனும் சேர்த்துத்தான். விடியுமுன் ரோஜாப்பூ படம் அனுப்புகிறவர்களுக்குப் பிள்ளையைக் கண்டிக்க என்ன தகுதி? சிங்கப்பூரில் யாரோ கார் வாங்கிய படத்தைக் குடும்பக் குழுவில் போட்டு "நீ எப்போ?" என்று கேட்கிறீர்கள். வேலை தேடி அலுத்த பிள்ளை ரீல்ஸுக்குள் ஒளியாமல் வேறெங்கே போவான்?

தூக்கமின்றி, யாருடனும் பேசாமல் முடங்கிக் கிடந்தால் அது போன் பழக்கம் மட்டுமல்ல. அரசின் டெலிமானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

இந்தப் பதிவை யாருக்கும் பார்வர்டு பண்ண வேண்டாம். இன்றிரவு சார்ஜரை எடுத்து வெளியே வையுங்கள், அது போதும்.