இரு வலிகள், இரு மருந்துகள்

நாற்பது வயதைக் கடந்த பின்னர் ஓடத் தொடங்குவோர் தொகை இன்று நம்மிடையே பெருகி வருகின்றது. இரத்தத்தில் சர்க்கரை கூடிவிட்டது என்று மருத்துவர் எச்சரித்ததால் தொடங்கியவர் உண்டு. கடையில் அமர்ந்தே கழிந்த ஆண்டுகளின் பாரத்தை இறக்கிவைக்க எண்ணித் தொடங்கியவரும் உண்டு. சுபுஹுக்குப் பின்னர் மூன்று கிலோமீட்டர் என்று தொடங்கியது ஐந்தாகிறது; ஐந்து பத்தாகிறது. பின்னர் ஒரு நாள், மாரத்தான் என்னும் சொல் உள்ளத்தில் குடிபுகுந்து விடுகின்றது.

இந்த ஆசையை நகைப்பதற்கில்லை. 1896-ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் முதல் ஒலிம்பிக் மாரத்தானை வென்ற ஸ்பிரிடன் லூயிஸ், தண்ணீர் சுமந்து பிழைத்த ஓர் எளிய மனிதர். அன்று அவர் ஓடிய தொலைவு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 1908-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட 42.195 கிலோமீட்டரே பின்னர் 1921-இல் நிலையான தொலைவாக வரையறுக்கப்பட்டது. தொழில் பார்த்துக்கொண்டே ஓடுகின்ற மனிதருக்கு இந்தப் பந்தயத்தில் தொடக்க நாளிலிருந்தே இடமுண்டு.

ஆயினும் ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். மீட்டருக்கு ஓர் அடி என்று கொண்டாலும் அந்தத் தொலைவைக் கடக்க 42,000 அடிகளுக்கு மேல் வைத்தாக வேண்டும். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் கால் தாங்குகின்ற விசை உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. 70 கிலோ எடையுள்ளவரின் ஒரு கால், ஒவ்வொரு முறையும் 140 முதல் 210 கிலோ வரையிலான சுமையைத் தாங்குகின்றது. பந்தய நாள் ஒன்றுதான். ஆனால் அதற்காக நான்கைந்து மாதங்கள் பயிற்சி செய்ய வேண்டும். அந்த மாதங்களில்தான் வலி வந்து சேர்கின்றது.

சென்னையிலும் மும்பையிலும் மாரத்தான் ஜனவரியில் நடைபெறுகின்றது. எனவே பயிற்சி ஆகஸ்ட், செப்டம்பரிலேயே தொடங்கியாக வேண்டும். மூன்றாம் மாதத்தில் உங்கள் நிலையை எண்ணிப் பாருங்கள். கட்டணம் செலுத்தியாயிற்று, காலணி வாங்கியாயிற்று, வீட்டிலும் கடைத்தெருவிலும் சொல்லியாயிற்று. அப்பொழுது குதிகாலுக்கு மேலே ஒரு பிடிப்பு, அல்லது கணைக்கால் எலும்பில் ஒரு குத்தல். பெரிய விபத்து எதுவும் இல்லை. படுக்கையில் வீழ்த்துகின்ற நோயும் இல்லை. வந்து வந்து போகின்ற, முற்றிலும் விட்டுப் போகாத ஒரு தொந்தரவு. அந்நிலையில் நீங்கள் என்ன செய்வீர்கள்?

பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். அஞ்சுகின்றவர் அடியோடு நிறுத்திவிடுகின்றார். பிடிவாதக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகின்றார். இருவரும் ஒரே இடத்தில்தான் தவறுகின்றனர். வலி என்பது ஒரே சொல்லாக இருப்பதால் அது ஒரே பொருள் என்று கருதிவிடுகின்றனர். உண்மையில், வேலை கேட்கின்ற வலி ஒன்று உண்டு. ஓய்வு கேட்கின்ற வலி ஒன்று உண்டு. வேலை கேட்பதற்கு ஓய்வும், ஓய்வு கேட்பதற்கு வேலையும் கொடுத்தால் இரண்டுமே கெட்டுவிடும்.

வேலை கேட்கின்ற வலியை முதலில் காண்போம். கெண்டைக்கால் சதையையும் குதிகால் எலும்பையும் இணைக்கின்ற தடித்த தசைநாணை நாம் பேச்சுவழக்கில் குதிகால் நரம்பு என்போம். நடுவயது ஓட்டக்காரர்களைப் பெரிதும் வாட்டுகின்றவற்றுள் இதுவும் ஒன்று. காலையில் எழுந்து வைக்கின்ற முதல் சில அடிகள் விறைப்பாக இருக்கும். நடக்க நடக்க இளகும். ஓடி முடித்த பின்னர் மீண்டும் வலிக்கும்.

ஸ்வீடன் நாட்டின் வடபகுதியில் ஊமியோ என்றொரு நகரம் உள்ளது. அங்கு எலும்பு மருத்துவராகப் பணியாற்றிய ஹோக்கன் ஆல்பிரெட்சன் ஓட்டத்தில் நாட்டமுடையவர். 1990-களில் அவருக்கே இந்தத் தொல்லை வந்தது. ஓய்வெடுத்தும் தீரவில்லை. அறுவை சிகிச்சை செய்யுமாறு தம் மேலதிகாரியான மருத்துவரிடம் அவர் வேண்டினார். அறுவை செய்தால் நீண்ட நாள் பணிக்கு வர இயலாதே என்று அவர் மறுத்துவிட்டார். இவருக்கோ சினம். தசைநாண் அறுந்தே போனால் அறுவை செய்துதானே ஆகவேண்டும் என்று எண்ணி, வலிக்கின்ற காலின்மீது வேண்டுமென்றே பாரத்தை ஏற்றிப் பயிற்சி செய்யத் தொடங்கினார். நரம்பு அறுந்துபோகும் என்று எதிர்பார்த்தார், வலிதான் அகன்றது!

இதனைத் தற்செயல் என்று அவர் விட்டுவிடவில்லை. அறுவை சிகிச்சைக்காகக் காத்திருந்த 15 நடுவயது ஓட்டக்காரர்களை அதே பயிற்சியில் ஈடுபடுத்தினார். 1998-இல் முடிவு வெளியாயிற்று. 12 வாரங்களில் 15 பேரும் தம் பழைய ஓட்டத்திற்குத் திரும்பியிருந்தனர்.

அந்தப் பயிற்சிக்குச் செலவேதும் இல்லை. வீட்டுப் படிக்கட்டு போதும். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நில்லுங்கள். இரு கால்களாலும் எழும்பி, உடல் எடையை வலிக்கின்ற காலுக்கு மாற்றி, குதிகாலை மெதுவாகப் படியின் மட்டத்திற்குக் கீழே இறக்குங்கள். மீண்டும் எழும்புவதற்கு நல்ல காலைப் பயன்படுத்துங்கள். முழங்காலை நீட்டி வைத்து 15 முறை வீதம் 3 சுற்று. சற்று மடக்கி வைத்து 15 முறை வீதம் 3 சுற்று. இவ்வாறு காலையும் மாலையும். நாளொன்றுக்கு 180 முறை ஆகின்றது. வலியின்றிச் செய்ய முடிந்தவுடன் முதுகுப் பையில் பாரத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பின்னர் நடந்த ஆய்வுகளில் எல்லோரும் அந்த 15 பேரைப் போல் முற்றிலும் குணமடையவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். குதிகால் எலும்போடு ஒட்டுகின்ற இடத்திலேயே வலியுள்ளவர்கள் படிக்குக் கீழே இறக்காமல் சமதரையிலேயே செய்வது நன்று. 'படீர்' என்று அறுந்தாற்போல் தோன்றி நடக்க இயலாமற் போனால் அது வேறு. உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஆனால் அடிப்படை மாறவில்லை. தேய்ந்து நைந்த தசைநாணுக்கு அளவறிந்த பாரமே இன்றும் முதல் மருத்துவம். வெறும் ஓய்வினால் வலி தணியலாம், வலிமை வருவதில்லை. அதனால்தான் ஒரு மாதம் படுத்திருந்துவிட்டு ஓடச் செல்பவருக்கு இரண்டாம் நாளே பழைய வலி திரும்பிவிடுகின்றது.

இனி, ஓய்வு கேட்கின்ற வலியைப் பார்ப்போம். அது எலும்பின் வலி. எலும்பு உயிருள்ள பொருள். புதிய சுமை வந்தால் அது தன்னைத் திருத்திக் கட்டுகின்றது. முதலில் நைந்த பகுதி கரைக்கப்படுகின்றது. அதற்கு வாரங்கள் ஆகும். பின்னர்ப் புதிய எலும்பு நிரப்பப்படுகின்றது. அதற்கு மாதங்கள் ஆகும். இடிப்பது விரைவு, கட்டுவது மெதுவு. இடையிலுள்ள காலத்தில் எலும்பு முன்னிலும் மெலிந்திருக்கும். அப்போது ஓட்டத்தைக் கூட்டினால் மயிரிழை போன்ற விரிசல் விழும். கணைக்கால் எலும்பிலும் பாதத்தின் நீண்ட எலும்புகளிலும் இது மிகுதி.

இங்கே ஒரு பொறி உள்ளது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பயிற்சிக்குப் பழகிவிடுகின்றன. மூச்சு வாங்குவது குறைகின்றது. இன்னும் ஓடலாம் என்று உற்சாகம் பிறக்கின்றது. எலும்போ இன்னும் பாதிக் கட்டுமானத்தில் நிற்கின்றது. மூச்சு கொடுக்கின்ற துணிச்சலைக் கால் தாங்குவதில்லை.

இவ்வலியை எவ்வாறு அறிவது? ஒற்றை விரலால் எலும்பின்மேல் அழுத்திப் பாருங்கள். பரவலாக வலித்தால் விரிசலாக இருக்கும் வாய்ப்பு குறைவு. விரல் நுனியளவு ஓரிடத்தில் மட்டும் சுரீரென்று வலித்தால் ஐயப்படுங்கள். தசைநாணின் வலி ஓட ஓட இளகும். எலும்பின் வலி ஓட ஓடக் கூடும். நடக்கையிலும் இரவில் படுத்திருக்கையிலும் வலித்தால் இனியும் தாமதம் கூடாது. தொடக்க வாரங்களில் எக்ஸ்ரே படத்தில் விரிசல் தெரியாமற் போகலாம், எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும். ஆகவே, 'எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை' என்பது ஓடுவதற்கான அனுமதிச் சீட்டு ஆகாது. தொடை இடுக்கில் வலித்தால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். தொடை எலும்பின் கழுத்தில் விழுந்த விரிசல் முழு முறிவாக மாறினால் பெரும் அறுவையில் கொண்டுபோய் விடும்.

கணைக்கால் எலும்பின் விரிசலுக்குப் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை ஓட்டத்தை நிறுத்த வேண்டியிருக்கும். அதற்காக எல்லாம் பாழாகிவிட்டது என்று கலங்க வேண்டியதில்லை. மருத்துவர் இசைந்தால் நீச்சலும் சைக்கிளும் இதயத்தின் பயிற்சியைக் காத்துவரும்.

இத்தொல்லைகள் வராமலே தடுக்க வழி உண்டா? வாரத்திற்குப் பத்து விழுக்காட்டிற்கு மேல் தொலைவைக் கூட்டக் கூடாது என்றொரு விதி நெடுநாளாக வழங்கி வருகின்றது. நெதர்லாந்தின் குரோனிங்கனில், புதிதாக ஓடத் தொடங்கிய 532 பேரைக் கொண்டு இதனைச் சோதித்தனர். 2008-இல் வெளியான முடிவின்படி, விதியைக் கடைப்பிடித்தவரிலும் மற்றவரிலும் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் காயமுற்றனர். விதி காக்கவில்லை!

2025-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் 5,200-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் ஓட்டங்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு இதற்கு விளக்கம் தருகின்றது. வாரக் கணக்கு அவ்வளவாகக் குற்றவாளியன்று. ஒற்றை நாளின் பேராசையே குற்றவாளி. கடந்த 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட தொலைவைவிடப் பத்து விழுக்காட்டிற்கு மேல் ஒரே நாளில் ஓடியவர்களுக்குக் காயம் மிகுந்தது. அத்தொலைவைப் போல் இரு மடங்கிற்கு மேல் ஓடியவர்களுக்குக் காயமுறும் வாய்ப்பும் இரு மடங்கைத் தாண்டியது.

நம் வாழ்க்கையோடு இதனைப் பொருத்திப் பாருங்கள். ஒரு ஞாயிறு உறவினர் வீட்டுத் திருமணம்; மறு ஞாயிறு வடகிழக்குப் பருவமழை; அதற்கடுத்த ஞாயிறு கடைக்குச் சரக்கு வந்துவிடுகின்றது. மாதம் முழுவதிலும் நீங்கள் ஓடிய மிக நீண்ட ஓட்டம் 16 கிலோமீட்டர். ஆனால் பயிற்சி அட்டவணை 28 என்கின்றது. விட்டதைப் பிடிக்க வேண்டுமென்று அன்று 28 ஓடிவிடுகின்றீர்கள். அட்டவணை உங்கள் வீட்டுத் திருமணத்தை அறியாது, மழையையும் அறியாது. உங்கள் எலும்பு அறியும். அன்று நீங்கள் ஓடத்தக்கது ஏறத்தாழ 17 கிலோமீட்டரே.

வலி மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடுகின்ற வழக்கத்தையும் அடியோடு விட்டுவிடுங்கள். அது வலியை அகற்றுவதில்லை. வலி சொல்கின்ற செய்தியைத்தான் மறைக்கின்றது. உடலில் நீர் வற்றிய நிலையில் இத்தகைய மாத்திரைகளில் பல சிறுநீரகத்திற்கும் ஊறு செய்யக்கூடியவை.

ஓடுகின்ற சகோதரிகளுக்குத் தனியாக ஒரு சொல். மெலிய வேண்டுமென்று உணவைக் குறைத்துக்கொண்டே ஓட்டத்தைக் கூட்டாதீர்கள். உடலுக்கு வேண்டிய உணவு கிடைக்காவிடில் மாதவிலக்கு தடைப்படும், எலும்பும் மெலியும். மாதவிலக்கு நின்றுபோவதைப் பயிற்சியின் இயல்பான விளைவு என்று கருதிவிட வேண்டாம். அது எலும்புக்கு வரும் ஆபத்தின் முன்னறிவிப்பு. ஆண்களுக்கும் போதிய உணவின்றி ஓடுவது எலும்பைக் கெடுக்கவே செய்யும்.

அன்பு வாசகர்களே! தொழில்முறை ஓட்டக்காரருக்கு அருகிலேயே மருத்துவர் உண்டு; பயிற்சியாளர் உண்டு; காயமுற்றால் ஓய்வெடுக்க அவகாசமும் உண்டு. நமக்கோ ஜனவரி ஞாயிறு முடிந்தால் திங்கட்கிழமை கடை திறந்தாக வேண்டும். மாடிப்படி ஏற வேண்டும். பேருந்தில் நின்றுகொண்டு செல்ல வேண்டும். முதிய பெற்றோரைக் கைப்பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இக்கால்களை நம்பி ஒரு குடும்பம் இருக்கின்றது.

ஆகவே, பந்தயத்திற்கு முந்திய வாரம் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: 'இது வேலை கேட்கின்ற வலியா? ஓய்வு கேட்கின்ற வலியா?' காலையில் விறைத்து, நடந்தால் இளகி, மறுநாளைக்குள் தணிகின்ற பழைய வலியானால், மருத்துவரின் அறிவுரையோடு நிதானமாக ஓடிப் பாருங்கள். விரல் நுனியில் அகப்படுகின்ற எலும்பு வலியானால், செலுத்திய கட்டணத்தையும் சொல்லிவைத்த பெருமையையும் எண்ணாமல் விலகி நில்லுங்கள். அந்த விடியற்காலையில் சாலையோரம் நின்று, ஓடுகின்ற நண்பருக்கு ஒரு குவளைத் தண்ணீர் நீட்டுங்கள். எட்டு வாரம் பொறுத்த எலும்பு பெரும்பாலும் அடுத்த ஜனவரிக்கு ஆயத்தமாகிவிடும்.