சமதரையில் தெரியாத பழுது

"இன்னுமா அந்தப் பழைய காரை வைத்திருக்கிறீர்கள்? விற்றுவிட்டுப் புதியதொன்றை வாங்கலாமே?"

ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் அழைக்கும் நண்பர்கள் நலம் விசாரித்து முடித்ததும் கேட்கும் கேள்வி இது. மூன்று இலட்சம் கிலோமீற்றரைத் தாண்டிய காருக்குக் கிளச் மாற்றினேன் என்று சென்ற வாரம் ஒருவரிடம் சொன்னபோது சிரித்தே விட்டார். அவருக்கான பதிலே இந்தப் பத்தி. எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் கண்டனமும் இதில் உண்டு.

முதலில் நண்பருக்கு. 2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு மீண்டும் கதவு திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில், 2022இல், சுமார் இருநூறு ரூபாவாக இருந்த டொலர் முந்நூற்று அறுபதைத் தொட்டது. எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை வந்து, காருக்குக் கிழமைக்கு இருபது லீற்றர் என்று அளந்து ஊற்றினார்கள். கதவு திறந்த பின்னரும் சுங்கத் தீர்வை, அதன்மேல் மேலதிக வரி, உற்பத்தி வரி, 18 வீதப் பெறுமதி சேர் வரி என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, புதிய கார் சம்பளக்காரனின் கனவிலும் வராத பொருளாகிவிட்டது. ஆகவே, பழைய காரைப் பேணுவது எங்களுக்குப் பழம்பொருள் மோகம் அன்று. பிள்ளையைப் பாடசாலைக்கும் தாயை மருத்துவமனைக்கும் கொண்டுசெல்ல எங்களுக்கு இருக்கும் ஒரே வழி அது.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

மட்டக்களப்பு வாவியைச் சுற்றியுள்ள நிலம் உள்ளங்கையைப் போன்ற சமதரை. எழுவான்கரையிலும் சரி, படுவான்கரையிலும் சரி, ஏற்றம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. தேய்ந்த கிளச் இத்தகைய ஊரில் மாதக்கணக்கில் தன்னை மறைத்துக்கொள்ளும். செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் மகாஓயா, பிபிலை கடந்து லுணுகலை மலை ஏறத் தொடங்கும்போதுதான் உண்மை வெளிப்படும். இயந்திரம் அலறும், வண்டியோ நகராது. கருகிய நாற்றம் உள்ளே வரும். எனக்கும் அப்படித்தான் தெரிய வந்தது.

இந்தக் கிளச் தேய்ந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும் வரை வாகனங்கள் பாதையில் ஏறித்தான் வாவியைக் கடந்தன. பலகையில் ஏறவும் இறங்கவும் அரைக் கிளச்சில் காலை வைத்திருக்க வேண்டும். 2013இல் புதிய கல்லடிப் பாலம் வரும் வரை, பிரித்தானியர் காலத்து ஒற்றை வழிப் பாலத்தின் இரு முனைகளிலும் காத்திருந்து ஊர்ந்தோம். யுத்த காலச் சோதனைச் சாவடிகளைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கிளச் தட்டின் ஆயுள் ஓட்டுபவரின் காலில் இருக்கிறது என்பார்கள். ஒருவர் ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு மேல் உழைக்க வைப்பார், இன்னொருவர் முப்பதாயிரத்தில் முடித்துவிடுவார். எங்கள் கால்களை எங்கள் வீதிகள் பழக்கின.

நகரிலுள்ள ஒரு கராஜுக்குக் கொண்டுசென்றேன். பெயர் வேண்டாம், ஏனெனில் அவர்களைவிட என் பிழையே பெரிது. கிளச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயாரிங் ஆகிய மூன்றின் விலையையும் சொன்னார்கள். நான் பேரம் பேசினேன். "தட்டை மட்டும் மாற்றினால் போதாதா?" என்று கேட்டேன். போதும் என்றார்கள். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுத கதைதான்.

ஐந்தாம் மாதம் மிதியை அழுத்தும்போதெல்லாம் கிறீச்சென்ற சத்தம் கேட்டது. பழைய பெயாரிங் போய்விட்டது. கிராங்கின் பின்புற ஒயில் சீல் கசிந்து புதிய தட்டையும் நனைத்திருந்தது. எண்ணெய் பட்ட தட்டு மீளாது. கியர் பொக்ஸ் மறுபடியும் இறங்கியது, கூலியும் மறுபடியும் கொடுத்தேன். இந்த வேலையில் உடல் உழைப்பு முழுவதும் கியர் பொக்ஸை இறக்கி ஏற்றுவதில்தான் இருக்கிறது. உப்புக் காற்றில் துருவேறிய ஆணிகளைக் கழற்றுவதே அரை நாள் வேலை. அந்தக் கூலியை இரு முறை கொடுப்பதைவிடப் பெரிய ஊதாரித்தனம் வேறில்லை.

இரண்டாம் முறை நான் போனது ஒரு முதிய மெக்கானிக்கிடம். அவர் சொன்னார்: "ஐயா, கியர் பொக்ஸ ஒருக்கா இறக்கினா மூணையும் மாத்தணும், சீலையும் மாத்தணும். சம்மதமில்லாட்டி வேற இடத்துக்குக் கொண்டு போங்க." பிளைவீலைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி முகத்தைச் சமப்படுத்தினார். மூன்று நாள் எடுத்தார். இறுதியில், சமதரையிலும் பழுதை அறியும் வழியைக் கற்றுத்தந்தார். முன்னால் எவரும் இல்லாத வெட்டையில் கைப் பிரேக்கை இறுக்கி, நான்காம் கியரில் போட்டு, கிளச்சை மெதுவாக விட வேண்டும். இயந்திரம் உடனே நின்றால் கிளச் நலம், ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. இத்தனை காலம் கார் ஓட்டிய எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

நான் சினம் கொள்வது இந்த இடத்தில்தான். அரைகுறை வேலைக்கு மெக்கானிக்கை ஏசுகிறோம். ஆனால் அரைகுறைக் கூலி கொடுத்து அந்த வேலையைக் கேட்டு வாங்குவது நாம். முழுமையாகச் செய்ய வேண்டும் என்பவரைக் கள்ளன் என்கிறோம். உறையில் ஒன்றும் எழுதப்படாத மலிவுத் தட்டை நாமே வாங்கிக்கொண்டுபோய்ப் பூட்டச் சொல்கிறோம். பழைய கிளச் தட்டுகளில் புற்றுநோய் விளைவிக்கும் அஸ்பெஸ்டஸ் இருந்தது. மலிவுத் தட்டில் என்ன இருக்கிறதென்று யார் அறிவார்? அந்தக் கருந்தூளைக் கொம்பிரசர் காற்றால் ஊதித் துப்புரவு செய்கிறார்கள் பதினாறு பதினேழு வயதுப் பையன்கள், முகமூடி இல்லாமல். ஈரத் துணியால் துடைத்தால் போதும் என்று சொல்ல அங்கே ஆளில்லை. காரின் சொந்தக்காரர் அருகில் நாற்காலியில் அமர்ந்து பத்திரிகை படிக்கிறார். அந்தச் சொந்தக்காரர் நானாகவும் இருந்திருக்கிறேன்.

அரசுக்கும் ஒரு சொல். பழைய வாகனங்களை ஓட்டும்படி ஐந்தாண்டுகள் நாட்டைக் கட்டாயப்படுத்தியவர்கள், அவற்றைத் திருத்துபவர்களை நினைத்தார்களா? அனுபவத்தால் கற்றவருக்கும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை நாட்டில் இருக்கிறது. அதை வாவிக்கரைக் கராஜ்களின் வாசலுக்குக் கொண்டுவந்தால் என்ன? அந்த முதியவரிடம் சுவரில் மாட்ட ஒரு தாளும் இல்லை. அவரிடம் கற்ற மூவரில் இருவர் வளைகுடா நாடுகளுக்குப் போய்விட்டார்கள். அங்கே அவர்களின் கைக்கு விலை இருக்கிறது.

நண்பரே, உங்கள் ஊரில் கார் பழுதானால் விற்றுவிடலாம். இங்கே அதைத் திருத்தத் தெரிந்த கைகள் ஓய்ந்துவிட்டால், எத்தனை டொலர் அனுப்பினாலும் நகராத வண்டிகளே மிஞ்சும். அடுத்த முறை கராஜுக்குப் போகும் எவரும் பேரத்தை ஒரு நாள் ஒத்திவைக்கட்டும். மூன்றையும் மாற்றச் சொல்லட்டும், கூலியை முழுமையாகக் கொடுக்கட்டும், அந்தப் பையனுக்கு ஒரு முகமூடியும் வாங்கிக் கொடுக்கட்டும்.

என் கார் சென்ற மாதம் லுணுகலை மலையை ஏறியது. நாற்றம் எதுவும் வரவில்லை.