திரையில் மாறும் ஆட்டக் கணக்கு

பெருமாட்டிப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை. தென்னந்தோப்பு வேலை முடிந்து வந்த இளைஞர் ஒருவர் என்னிடம், "அண்ணே, 'சார்பட்டா பரம்பரை' கபிலன் இப்ப உயிரோட இருக்காரா?" என்று கேட்டார். "அப்படி ஒருத்தர் இருந்ததே இல்லை தம்பி. கதைக்காகப் படைத்த ஆள்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப அந்தப் படத்துல எல்லாமே பொய்யா?" என்றார்.

அதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. வடசென்னையில் குத்துச்சண்டைப் பரம்பரைகள் இருந்தது மெய். 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்ததும், 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. அரசு கலைக்கப்பட்டதும் மெய். ஆனால் கபிலனும் ரங்கன் வாத்தியாரும் வேம்புலியும் கற்பனை. மெய் எங்கே முடிகிறது, கற்பனை எங்கே தொடங்குகிறது என்பது பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. பழங்கால விளையாட்டுப் படங்கள் எல்லாவற்றிலும் உள்ள சிக்கல் இதுதான்.

சிறு பிழைகள்

பிழைகளில் சில மன்னிக்கத் தக்கவை. மில்கா சிங்கைப் பற்றி 2013-ல் வந்த 'பாக் மில்கா பாக்' படத்தில், ஐம்பதுகளில் நடக்கும் காட்சியில் கதாநாயகன் ஓர் இந்திப் பாட்டைப் பாடுகிறார். அந்தப் பாட்டு இடம்பெற்ற 'சன் ஆஃப் இந்தியா' படம் வெளிவந்ததோ 1962-ல்! இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம். நம் பகுதியை வைத்து யாராவது 1948-ல் நடக்கும் கதையை எடுத்து, அதில் 'கேரள மாநிலம்' என்று பெயர்ப் பலகை வைத்தால், அதுவும் இந்த வகைதான். அப்போது சித்தூர் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. கேரளம் பிறந்தது 1956 நவம்பர் 1 அன்று.

கோல் கணக்கை மாற்றலாமா?

ஆட்டத்தின் முடிவையே திருத்தி எழுதுவது வேறு விஷயம். 1948 ஆகஸ்ட் 12 அன்று லண்டன் வெம்பிளி மைதானத்தில், சுதந்திரம் பெற்று ஓராண்டுகூட நிறையாத இந்தியா, ஹாக்கி இறுதி ஆட்டத்தில் பிரிட்டனை நாலுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் வென்றது. கிஷன்லால் தலைவர், பல்பீர் சிங் இரண்டு கோல் அடித்தார். நேற்றுவரை நம்மை ஆண்டவர்களால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. இதைவிடப் பெரிய கதை வேண்டுமா?

ஆனால் இந்த வெற்றியை வைத்து 2018-ல் எடுத்த 'கோல்ட்' படத்தில், ஆட்டக்காரர்களின் பெயர்கள் மாறிவிட்டன, ஆட்டமும் இழுபறியாகிவிட்டது. விறுவிறுப்புக்காகச் செய்திருக்கலாம். ஆனால் வியர்வை சிந்தியவர்களின் பெயரும் போயிற்று, அவர்கள் பெற்ற முழு வெற்றியும் குறைந்து போயிற்று. எட்டு மணி நேரம் உழைத்தவனுக்கு நாலு மணி நேரக் கூலி எழுதினால் நாம் சும்மா இருப்போமா?

இது நம் நாட்டுப் பழக்கம் மட்டுமல்ல. ஆஸ்கார் பரிசு பெற்ற 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' (1981) படத்தில், தம் ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது என்ற செய்தி, 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குக் கப்பல் ஏறும்போதுதான் எரிக் லிடலுக்குத் தெரிகிறது. உண்மையில் அவருக்குப் பல மாதங்களுக்கு முன்பே தெரியும். நிதானமாக யோசித்து எடுத்த முடிவை, திடீர் முடிவாக்கி விட்டார்கள்.

விடுபட்டவர்கள்

மூன்றாவது வகை, சொல்லாமல் விடுவது. 2021-ல் 'சார்பட்டா' வந்தபோது, விளையாட்டுக்கும் எம்.ஜி.ஆருக்கும் தொடர்பே இல்லாததுபோல் காட்டிவிட்டார்கள் என்று அ.தி.மு.க.வின் ஜெயக்குமார் குறை கூறினார். முகமது அலி சென்னைக்கு வந்து காட்சிக் குத்துச்சண்டை ஆடியது 1980-ல், எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது. அது கதை நடக்கும் எழுபதுகளுக்குப் பிந்தியது என்று படத்தின் பக்கம் வாதிடலாம். எப்படியானாலும், விவாதம் நடந்தது நல்லது. இரண்டு பக்கமும் தெரிந்தவர் ஏமாற மாட்டார்.

சினிமா பாடப் புத்தகமல்ல என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1983 ஜூன் 18 அன்று டன்பிரிட்ஜ் வெல்ஸ் மைதானத்தில் ஜிம்பாப்வேக்கு எதிராகக் கபில்தேவ் ஆட்டமிழக்காமல் 175 ரன் எடுத்தாரே, அதற்குத் தொலைக்காட்சிப் பதிவே இல்லை. இன்று அந்த ஆட்டத்தை அசையும் படமாகப் பார்க்க வேண்டுமென்றால் '83' படத்தில்தான் பார்க்க வேண்டும். பதிவு இல்லாத இடத்தில் சினிமாவே சரித்திரமாகிவிடுகிறது. அங்கே பொறுப்பு இரட்டிப்பாகிறது.

எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். பாலக்காட்டுத் தோப்புகளிலும் இடுக்கித் தோட்டங்களிலும் வளரும் நம் பிள்ளைகளில் பலர் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். தமிழ்நாட்டின் நேற்றைய கதை அவர்களுக்குப் பாடத்தில் வருவது குறைவு. செல்போனில் பார்க்கும் படத்தில்தான் வருகிறது. அதில் கலப்படம் இருந்தால், பிரித்துச் சொல்ல வீட்டிலும் ஆள் இல்லை.

நல்லதும் நடக்கிறது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென்கொரியாவை 2-1 என்று வென்ற கால்பந்து அணியின் கதையை 'மைதான்' (2024) சொன்னது. இறுதி ஆட்டத்தில் கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். நீலகிரி வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் அணிக்கு ஆடியவர். தடுப்பாட்டத்தில் இரிஞ்ஞாலக்குடா சந்திரசேகரன். இந்தப் பெயர்களை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

படம் எடுப்பவர்களிடம் நாம் கேட்பது பெரிதல்ல. கற்பனை செய்யுங்கள், ஆனால் படம் முடியும்போது, எது நடந்தது, எது படைத்தது என்று தமிழில் நாலு வரி, படிக்கும் அளவு எழுத்தில் போடுங்கள். 'உண்மைச் சம்பவத்தைத் தழுவியது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லித் தப்பிக்காதீர்கள்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. படம் பார்த்த மறுநாள் பிள்ளையை ஊர் வாசகசாலைக்கு அழைத்துப் போய், அந்த ஆட்டத்தின் உண்மைக் கணக்கைத் தேடச் சொல்லலாம். தேநீர்க் கடை இளைஞர் அன்று விடைபெறும்போது கேட்டார்: "சரிண்ணே, கபிலன் இல்லேன்னா, அந்தக் காலத்துல நெசமா சண்டை போட்டவங்க பேரு என்ன?" கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.